'மே பி' எங்கே போடணும், எங்கே போடக் கூடாது

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் புராஜெக்ட் செய்யும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மரத்துக்கு ரெயின்கார்டு (வெட்டுமேல் மழை நீர் இறங்காமல் மரத்தில் கட்டும் பிளாஸ்டிக் மறைப்பு) கட்டினால் பால் கூடுகிறது என்று எனக்கு வந்தது. 'திஸ் ப்ரூவ்ஸ் தட்' என்று எழுதினேன். கைடு 'ப்ரூவ்ஸ்' என்பதை வெட்டிவிட்டு, ஓரத்தில் 'இட் மே பி மாதிரி எழுது' என்று குறித்துத் தந்தார். சரியென்று எல்லா வரியிலும் 'மே பி' போட்டேன். இப்போது அதில் பாதியை வெட்டிவிட்டார். என்னதான் செய்ய?"

இரண்டு தடவை வெட்டினதும் சரிதான். முதல் தடவை, கையில் இருக்கும் ஆதாரத்தைவிடப் பெரிதாகச் சொன்னீர்கள், அதனால் வெட்டினார். இரண்டாம் தடவை, கையில் நிச்சயமாக இருப்பதையும் சந்தேகத்தோடு சொல்லிவிட்டீர்கள், அதனால் வெட்டினார். நாகர்கோவிலில் உட்கார்ந்து ரொம்ப வருஷமாக ஆய்வேடுகளின் இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடங்களில் இது ஒன்று. இலக்கணம் தெரியாமல் தடுமாறவில்லை. 'கேன், குட், மே, மைட், அதற்குப் பின்னால் பி, அதற்குப் பின்னால் வெர்பின் மூன்றாம் வடிவம்' என்ற வாய்ப்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். அது எதற்காக இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழில் இருந்தே தொடங்குவோம். 'மழைதான் காரணம் என்று சொல்லலாம்.' இதில் யார் சொல்வது? நானா, நீங்களா, ஊரா? எழுவாய் கிடையாது, இருந்தும் வாக்கியம் முழுசாக நிற்கிறது, கேட்கிற யாருக்கும் ஒரு குறையும் தெரிவதில்லை. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு எழுவாய் இல்லாமல் நிற்க வராது. அதனால் பொருளே இல்லாத ஒரு 'இட்'டை முன்னால் நிறுத்தி, சொல்கிற ஆளைக் காட்டாமல் இருக்கச் செயப்பாட்டு வினையைப் போட்டு, 'இட் கேன் பி செட் தட்' என்று நாலைந்து சொல்லில் வந்து சேர்கிறது. நம்முடைய 'சொல்லலாம்' என்ற ஒரு சொல்லுக்கு அது ஈடு, அவ்வளவுதான். தமிழில் யோசித்துக்கொண்டே எழுதுகிறவர்கள் 'ஃப்ரம் திஸ் டேபிள் கேன் சே தட்' என்று எழுதிவிடுவது இதனால்தான். மனதில் 'சொல்லலாம்' ஓடுகிறது, அதில் எழுவாயும் இல்லை, 'படு'வும் இல்லை, அதனால் 'இட்'டும் விட்டுப்போகிறது, 'பி'யும் விட்டுப்போகிறது. இந்தத் தவறை நான் நூறு தடவையாவது திருத்தியிருப்பேன், திருத்தும்போதெல்லாம் அந்தப் பிள்ளை தமிழில் சரியாக யோசித்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் 'லாம்' விகுதியையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'நீ போகலாம்' என்றால் அனுமதி. 'நாளைக்கு மழை பெய்யலாம்' என்றால் அனுமதி இல்லை, வாய்ப்பு. ஒரே விகுதி இரண்டு வேலையும் பார்க்கிறது. 'மே' என்ற சொல்லும் அப்படியேதான். 'யூ மே கோ' என்றால் அனுமதி, 'இட் மே ரெயின்' என்றால் வாய்ப்பு. ஆகவே 'மே'யை 'லாம்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். 'கேன்' என்பது 'முடியும்' பக்கம் சேரும். 'குட்', 'மைட்' இரண்டும் 'கூடும்' பக்கம் சேரும், 'பெய்யக்கூடும்' என்பதில் அனுமதிக்கு இடமே இல்லை பாருங்கள், வாய்ப்பு மட்டும்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒத்துப்போகாது, ஆனால் எழுதும்போது கை தடுமாறினால் பிடித்துக்கொள்ள இது போதும்.

இந்த இரட்டைப் பொருளால் நமக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'மே பி' என்பதை நாம் முதன்முதலில் பார்ப்பது ஆய்வுக் கட்டுரையில் இல்லை, லீவ் லெட்டரில். 'லீவ் மே கைண்ட்லி பி க்ராண்டட்', 'தி சேம் மே பி அப்ரூவ்டு', 'நெசசரி ஆக்‌ஷன் மே பி டேக்கன்' என்று தாலுகா ஆபீஸ் முதல் கல்லூரி ஆபீஸ் வரை எல்லாக் கோப்பிலும் இதுதான். அங்கே 'மே பி' என்றால் 'தயவுசெய்து செய்யுங்கள்' என்ற விண்ணப்பம். பத்திரிகையில் 'இட் மே பி ரீகால்டு தட்' என்று வரும், அது 'நினைவிருக்கலாம்' என்ற நினைவூட்டல், அதிலும் சந்தேகம் கிடையாது. இப்படிப் பதினைந்து வருஷம் 'மே பி'யை மரியாதைச் சொல்லாகவே பார்த்துப் பழகின கண், ஆய்வுக் கட்டுரைக்கு வந்ததும் அதை ஓர் அலங்காரமாக எடுத்துக்கொள்கிறது. எல்லா வரியிலும் போட்டால் எழுத்து மரியாதையாக இருக்கும் என்று நினைத்துப் போட்டுவிடுகிறோம். நீங்கள் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆய்வு எழுத்தில் 'மே பி' ஓர் அளவுகோல். எனக்கு எவ்வளவு தெரியும், எது வரை தெரியும், எங்கிருந்து ஊகம் தொடங்குகிறது என்று படிக்கிறவருக்குக் கோடு போட்டுக் காட்டுவது அதன் வேலை. இந்த வகைச் சொற்களுக்கு இங்கிலீஷில் 'ஹெட்ஜ்' என்று பெயர், வேலி என்று பொருள். ஜார்ஜ் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970-களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் மொழியியலில் நிலைத்தது. பிறகு கென் ஹைலண்ட் என்பவர் அறிவியல் கட்டுரைகளில் இந்தச் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு புத்தகம் அளவுக்கு ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார். பெயர்தான் புதுசு. நம்மிடம் இது ரொம்பப் பழையது. தொல்காப்பியம் 'கொல்லே ஐயம்' என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறது, 'கொல்' என்ற இடைச்சொல் வந்தால் சந்தேகம் என்று பொருள். நம்மூர்க் கடலில் 133 அடிக்கு நிற்கிறாரே, அவர் 1081-ஆம் குறளில் அந்தக் 'கொல்'லை மூன்று முறை போட்டிருக்கிறார்: அணங்கோ, மயிலோ, பெண்ணோ என்று தெரியாமல் நெஞ்சு மயங்கும் இடம் அது. மயக்கம் எந்தெந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தந்தச் சொல்லோடு 'கொல்' ஒட்டி நிற்கிறது. நெஞ்சு மயங்குகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அங்கே 'கொல்' போடவில்லை. நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஏறக்குறைய இவ்வளவுதான், மீதியெல்லாம் இதன் விவரம்.

அருமனைப் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. போன வருஷம் விடியற்காலை அவரோடு தோட்டத்தில் நின்றேன், பால்வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தொடங்கிவிடுவார்கள். சிரட்டையில் பால் சொட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே, "பால் எல்லாம் கொறஞ்சு போச்சு" என்றார். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மழ காரணமாட்டு இருக்கலாம். வெட்டுக ஆளும் புதுசு. மரத்துக்கும் வயசாச்சுல்லா" என்றார்.

இந்த நாலு வாக்கியத்தையும் வரிசையாகப் பாருங்கள். பால் குறைந்தது என்பதில் அவருக்கு 'லாம்' இல்லை, 'கொறஞ்சு போச்சு' என்று அடித்துச் சொல்கிறார், ஏனென்றால் தினமும் அளக்கிறவர் அவர். காரணம் என்று வரும்போது மட்டும் 'இருக்கலாம்' வருகிறது. அதோடு நிற்கவில்லை, ஏன் 'இருக்கலாம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு இரண்டு காரணங்களையும் எடுத்து வைத்துவிடுகிறார். ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையின் விவாதப் பகுதி இதைவிட வேறென்ன செய்யும்? 'எ டிக்ளைன் இன் யீல்டு வாஸ் அப்சர்வ்டு. திஸ் மே பி அட்ரிபியூட்டட் டு ரெயின், ஆல்தோ தி ஏஜ் ஆஃப் தி ட்ரீஸ் அண்ட் தி ஸ்கில் ஆஃப் தி டேப்பர் கெனாட் பி ரூல்டு அவுட்.' மாமா சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். 'தி யீல்டு மே பி இன்க்ரீஸ்டு ட்யூ டு ரெயின்கார்டு' என்று மாற்றினீர்களே, அதில் 'மே பி' தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பால் கூடியதா இல்லையா என்பது நீங்கள் அளந்து பார்த்தது. அதற்கு எதற்குச் சந்தேகம்? கூடியது, அவ்வளவுதான், 'தி யீல்டு இன்க்ரீஸ்டு' என்று நிமிர்ந்து எழுதுங்கள். போதாததற்கு 'மே பி இன்க்ரீஸ்டு' என்றால் படிக்கிறவருக்கு 'கூட்டிக்கொள்ளலாம்', அதாவது யாராவது விரும்பினால் கூட்டலாம் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். உங்களுக்கு உண்மையில் சந்தேகம் இருக்க வேண்டிய இடம் காரணம். ஒரே தோட்டம், ஒரே பருவம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் மழை நாளில் வெட்டு நின்றுபோவது இங்கே பெரிய விஷயம், ரெயின்கார்டு அந்த நாள்களை மீட்டுத் தந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கார்டு கட்டின மரங்களும் கட்டாத மரங்களும் ஒரே வயதா, ஒரே ரகமா, ஒரே ஆள் வெட்டினாரா, இலை உதிர்கிற மாதங்களில் பால் தானாகவே குறையுமே அதைக் கணக்கில் எடுத்தீர்களா? இதில் ஒன்றுக்காவது 'தெரியாது' என்பது பதில் என்றால் 'மே பி' அங்கேதான் வர வேண்டும்: 'திஸ் இன்க்ரீஸ் மே பி அட்ரிபியூட்டட் டு தி யூஸ் ஆஃப் ரெயின்கார்ட்ஸ்.' கூடியது நிச்சயம், கூடியதற்குக் காரணம் ஊகம், இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. கைடு பாதியை வெட்டினார் என்றீர்களே, எந்தப் பாதி என்று எடுத்துப் பாருங்கள். அளந்ததற்குப் போட்ட 'மே பி' எல்லாம் போயிருக்கும், காரணத்துக்குப் போட்டது நின்றிருக்கும்.

மே, மைட், குட், கேன் நாலில் எதை எடுப்பது என்பதைவிடப் பின்னால் வருகிற வினைச்சொல் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். 'அட்ரிபியூட்டட் டு' என்றால் இதுதான் காரணம் என்று ஏற்றிச் சொல்வது. 'அசோசியேட்டட் வித்' என்றால் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது மட்டும்தான், எது எதற்குக் காரணம் என்று அது பேசவில்லை. 'இன்ஃபெர்டு' என்றால் கிடைத்த தடயத்திலிருந்து உய்த்து அறிந்தது. 'அஸ்யூம்டு' என்றால் ஆதாரம் தேடவே இல்லை, வேலை நடக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்துக்கொண்டோம் என்பது. 'கன்குளூடட்' நாலைவிடவும் கனமான சொல், எல்லாப் பக்கமும் பார்த்து முடித்துவிட்டேன் என்கிறது. முன்னால் எத்தனை 'மே' போட்டாலும் 'கன்குளூடட்' என்ற சொல்லின் கனம் குறையாது. ஒரு தோட்டத்தில் ஒரு பருவம் பார்த்துவிட்டு 'இட் மே பி கன்குளூடட்' என்று எழுதினால், 'மே' இருக்கிறதே, அடக்கமாகத்தானே எழுதினேன் என்று உங்களுக்குத் தோன்றும். படிக்கிறவருக்கு 'முடிவு கட்டிவிடலாம்' என்றுதான் கேட்கும். அனுமதிப் பொருள் அங்கே தலைதூக்கிவிடுகிறது.

'குட் பி ஆர்க்யூட்' என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். 'இட் குட் பி ஆர்க்யூட் தட்' என்று பார்த்ததும் இங்கிலீஷ் பழகினவர்கள் அடுத்த வரியில் ஒரு 'பட்' வரும் என்று எதிர்பார்ப்பார்கள். 'இப்படியும் ஒருவர் வாதிடக்கூடும்' என்று எதிர்த்தரப்பை முதலில் பேசவிட்டு, பிறகு 'ஆனால்' என்று தன் கருத்துக்குத் திரும்புவதற்குத்தான் பெரும்பாலும் இது பயன்படுகிறது. நம் பிள்ளைகள் தங்கள் சொந்த முடிவையே 'இட் குட் பி ஆர்க்யூட்' என்று எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். படிக்கிறவர் 'சரி, ஆனால் என்ன?' என்று பக்கத்தைப் புரட்டினால் அடுத்தது ரெஃபரன்ஸ் பட்டியல். சொந்தக் கருத்து என்றால் 'ஐ ஆர்க்யூ' அல்லது 'வி சஜஸ்ட்' என்று ஆளைக் காட்டியே எழுதிவிடலாம். முன்பெல்லாம் 'நான், நாங்கள் என்று எழுதாதே' என்று தடுத்தார்கள், இன்றைக்குப் பல ஜர்னல்கள் 'வி' என்று எழுதுவதை ஏற்கின்றன. உங்கள் துறையின் வழக்கத்தைக் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செயப்பாட்டு வினையால் இன்னொரு ஆபத்தும் உண்டு, ஆள் மறைந்துவிடுகிறார். 'இட் இஸ் பிலீவ்டு தட்' என்றால் யார் நம்புகிறார்கள்? 'இட் ஹேஸ் பீன் ஆர்க்யூட்' என்றால் யார் வாதிட்டது? அங்கே மேற்கோள் காட்டாவிட்டால் அது எச்சரிக்கையான எழுத்தில் சேராது, ஊர்ப்பேச்சில்தான் சேரும். தமிழில் 'என்று சொல்லப்படுகிறது' என்று எழுதிவிட்டு யார் சொன்னது என்று காட்டாமல் போவதும் இதே குற்றம்தான். 'கேன் பி', 'மே பி' வருகிற இடத்தில் ஆள் மறைவது பரவாயில்லை, ஏனென்றால் இந்தத் தரவைப் பார்க்கிற யாரும் அப்படிச் சொல்லலாம் என்பதுதான் பொருள். ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார் என்னும்போது அவர் பெயர் வந்தாக வேண்டும்.

காரணத்தை உடன் சொல்லும்போது இந்த அமைப்பு எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதற்குக் கல்வெட்டுக்காரர்களைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துச் சிதறால் மலையில், வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டின கல்வெட்டுகள் இருக்கின்றன, ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் வம்ச மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் பெயர் வருகிற கல்வெட்டு அங்கே உண்டு. மன்னன் பெயர் இருந்தால் காலம் சொல்வது கொஞ்சம் எளிது. மன்னன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, எழுத்தின் வடிவம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கல்வெட்டு அறிஞர்கள் எழுதுகிற வழக்கமான வாக்கியம், 'ஆன் பேலியோகிராஃபிக் கிரவுண்ட்ஸ், தி இன்ஸ்க்ரிப்ஷன் மே பி அசைன்டு டு தி நைன்த் செஞ்சுரி' என்பது. எழுத்தமைதியை வைத்துப் பார்த்தால் ஒன்பதாம் நூற்றாண்டு எனலாம். எதை வைத்துச் சொல்கிறேன் என்பது முன்னால் வந்துவிட்டது. நாளைக்கு ஆண்டு குறித்த இன்னொரு கல் கிடைத்தால் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வதற்கு வழியும் திறந்தே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டு அறிக்கைகளைப் படித்தாலும் இந்த நிதானம் தெரியும், எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

காலம் பற்றிக் கொஞ்சம். 'மே பி காஸ்டு பை' என்றால் பொதுவாக இப்படி நடக்கலாம். 'மே ஹேவ் பீன் காஸ்டு பை' என்றால் அன்றைக்கு நடந்துபோன அந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு இது காரணமாக இருந்திருக்கலாம். நீங்கள் ஒரு பருவத்தில் அளந்ததைப் பேசும்போது இரண்டாவதுதான் பொருந்தும். இதே இடத்தில் 'இட் மே பி ஹேப்பண்டு', 'மே பி அக்கர்டு' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 'ஹேப்பன்', 'அக்கர்' இரண்டும் தானாக நடப்பவை, யாரும் அவற்றை 'நடத்த' முடியாது, அதனால் செயப்பாட்டு வினை வரவே வராது. 'மே ஹேவ் ஹேப்பண்டு' என்று எழுதுங்கள். 'மஸ்ட்' இன்னும் நுணுக்கம். 'தி கப்ஸ் மஸ்ட் பி வாஷ்டு' என்றால் சிரட்டைகளைக் கழுவியாக வேண்டும் என்ற கட்டளை. 'தி கப்ஸ் மஸ்ட் ஹேவ் பீன் வாஷ்டு' என்றால் யாரோ கழுவியிருக்க வேண்டும், பார்த்தாலே தெரிகிறது என்ற ஊகம். தமிழிலும் 'கழுவ வேண்டும்', 'கழுவியிருக்க வேண்டும்' என்று அதே வித்தியாசம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினாலே சரியாகிவிடும்.

எதிர்மறைக்கு வருகிறேன், இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், காரணமும் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் திங்கள்சந்தையில் இருக்கும் என் அக்கா ஒரு ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று போனில் கூப்பிட்டு, "எடே, ரூல்டு அவுட்டுன்னு போட்டிருக்கு. அப்பம் ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். நான் ஏதோ வேலையில் இருந்தேன், ரூல்டு அவுட் என்றால் இல்லை என்றுதான் பொருள் என்று சொல்லிவிட்டேன். அவரும் நிம்மதியாக ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 'கெனாட் பி ரூல்டு அவுட்' என்று இருந்தது. முந்தின வரியின் கடைசியில் 'கெனாட் பி', அடுத்த வரியின் தொடக்கத்தில் 'ரூல்டு அவுட்'. அக்கா இரண்டாவது வரியை மட்டும் வாசித்திருக்கிறார், நானும் தாளைப் பார்க்காமலே பொருள் சொன்னேன். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், வேறு பரிசோதனை செய்து பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

'கெனாட் பி ரூல்டு அவுட்' என்றால் 'இல்லை என்று தள்ளிவிட முடியாது' என்று பொருள். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, மேலே பாருங்கள் என்கிறது. 'மே நாட் பி' வேறு. 'தி ரெயின்கார்டு மே நாட் பி தி காஸ்' என்றால் அது காரணமாக இல்லாமலும் இருக்கலாம் என்ற மெல்லிய சந்தேகம். 'கெனாட் பி தி காஸ்' என்றால் அது காரணமாக இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்வது. ஒரு சொல் மாறினால் மெல்லிய சந்தேகம் திட்டவட்டமான மறுப்பாகிவிடுகிறது. அப்புறம் 'குட் நாட் பி'. 'நோ டிஃபரன்ஸ் குட் பி டிடெக்டட்' என்றால் தேடினோம், எங்கள் கருவிக்கும் எங்கள் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை என்பது. வித்தியாசமே இல்லை என்று அது சொல்லவில்லை. இருட்டில் டார்ச் அடித்து மோதிரத்தைத் தேடிவிட்டு 'கிடைக்கவில்லை' என்பதற்கும் 'மோதிரம் இங்கே இல்லை' என்பதற்கும் உள்ள தூரம் அது. ஆய்வு எழுதுகிறவர் இந்தத் தூரத்தை மறைக்கக் கூடாது.

சந்தேகமே வேண்டாத இடங்களில் வருகிற 'கேன் பி'யும் உண்டு. 'இட் கேன் பி சீன் ஃப்ரம் டேபிள் த்ரீ' என்பது விரல் நீட்டிக் காட்டுவது. 'இட் ஷுட் பி நோட்டட்' என்பது கவனியுங்கள் என்று தோளைத் தட்டுவது. 'சாம்பிள்ஸ் மே பி ஸ்டோர்டு அட் ஃபோர் டிகிரீஸ்' என்பது அனுமதி. இவற்றை எண்ணி, நான் எச்சரிக்கையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வினைச்சொல்லைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சேமித்தல், கழுவுதல், கலத்தல் மாதிரி நாம் கையால் செய்கிற வேலை என்றால் 'மே பி' அனுமதி. காரணமாதல், தொடர்புபடுதல் மாதிரி தானாக அமைகிற ஒன்று என்றால் 'மே பி' வாய்ப்பு.

எத்தனை போடலாம்? ஒரு கருத்துக்கு ஒன்று போதும். 'இட் மே பாசிப்லி பி சஜஸ்டட் தட் பெர்ஹேப்ஸ் ரெயின்கார்ட்ஸ் மைட்' என்று நாலைந்தை அடுக்கினால், எழுதினவருக்கே தன் வேலையில் நம்பிக்கை இல்லை என்றுதான் படும். 'சஜஸ்ட்' என்ற வினையிலேயே பாதிச் சந்தேகம் இருக்கிறது. 'தி ரிசல்ட்ஸ் சஜஸ்ட் தட் ரெயின்கார்ட்ஸ் மே இன்க்ரீஸ் யீல்டு' என்று இரண்டு சேர்ந்து வருவதை நிறையப் பார்க்கலாம், அதைப் பெரிய தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்து, பொருள் குறையவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

சந்தேகத்தின் அளவை எண்ணாகவே கட்டி வைத்திருக்கிறவர்களும் உண்டு. பருவநிலை பற்றி உலக நாடுகளுக்கு அறிக்கை தருகிற ஐ.பி.சி.சி. அமைப்பில் 'லைக்லி' என்று எழுதினால் 66 முதல் 100 சதவீதம் வரை வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் 90 முதல் 100 வரை, 'விர்ச்சுவலி செர்ட்டன்' என்றால் 99-க்கு மேல். மே, மைட், குட் எதற்கும் இப்படி எண் கிடையாது. 'மைட்' என்பது 'மே'யைவிடக் கொஞ்சம் பலவீனம் என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்கின்றன, ஆனால் எழுதுகிறவர்கள் பலரும் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறார்கள். அதனால் ஒரு முழுப் பகலை 'மேயா, மைட்டா' என்று செலவழிக்க வேண்டாம், அந்த நேரத்தில் வேறு என்ன காரணமெல்லாம் இருக்கலாம் என்று யோசித்து இரண்டு வரி எழுதினால் கட்டுரை பலப்படும்.

எல்லா எழுத்துக்கும் இந்த நிதானம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு, கடலோரத்தில் இருக்கிற யாருக்கும் எச்சரிக்கை வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வெஞ்சர் இன்டு தி சீ' என்பதில் செயப்பாட்டு வினை இருக்கிறது, 'மே'யும் இல்லை 'குட்'டும் இல்லை, இருக்கவும் கூடாது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் விஞ்ஞானிக்கு ஆயிரம் 'கூடும்' இருக்கலாம், அதெல்லாம் அவருடைய அறிக்கையில் இருக்கட்டும். கரையில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவருக்குப் 'போகாதீர்கள்' என்ற ஒரு சொல்தான் சேர வேண்டும். ரெயின்கார்டு பற்றி விவசாயிகளுக்குத் துண்டுப்பிரசுரம் எழுதச் சொன்னாலும் அப்படித்தான், பசை எந்த இடத்தில் பூச வேண்டும், பிளாஸ்டிக்கை எத்தனை மடிப்பு வைக்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பத்தியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'லேட்டக்ஸ் யீல்டு வாஸ் ஹயர் இன் தி ட்ரீஸ் ஃபிட்டட் வித் ரெயின்கார்ட்ஸ். திஸ் டிஃபரன்ஸ் மே பி அட்ரிபியூட்டட் டு தி லார்ஜர் நம்பர் ஆஃப் டேப்பிங் டேஸ் தட் தி கார்ட்ஸ் அலவ்டு ட்யூரிங் தி மான்சூன். ஆஸ் ஒன்லி ஒன் பிளான்டேஷன் வாஸ் ஸ்டடீடு, தி இன்ஃப்ளூயன்ஸ் ஆஃப் ட்ரீ ஏஜ் கெனாட் பி ரூல்டு அவுட்.' மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்தில் நீங்கள் அளந்தது, அங்கே தயக்கம் இல்லை. இரண்டாவதில் ஊகமும் அந்த ஊகத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. வெட்டு நாள்கள் எத்தனை கூடின என்று உங்கள் நோட்டில் குறித்து வைத்திருப்பீர்கள், அந்த எண்ணை அங்கே சேர்த்துவிட்டால் அந்த 'மே பி' இன்னும் பலமாக நிற்கும். மூன்றாவது வாக்கியம் உங்கள் வேலையின் எல்லை. மரங்களின் வயது எல்லாம் ஒன்றுதான் என்று நட்ட ஆண்டைக் கேட்டு உறுதி செய்துவிட்டால் மூன்றாவதை எடுத்துவிட்டு வேறு எது மிச்சமிருக்கிறதோ அதை எழுதுங்கள். தோட்டக்காரரிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, உள்ளே எல்லாம் திருத்தின பிறகு அப்ஸ்ட்ராக்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதை முதலிலேயே எழுதி வைத்திருப்பீர்கள், யாரும் திரும்பத் தொட்டிருக்கமாட்டார்கள். பழைய 'ப்ரூவ்ஸ்' பெரும்பாலும் அதன் கடைசி வரியில் அப்படியே இருக்கும்.